பழைய டிரைவரில் நான்கு செமாஃபோர்: 2.6.32இலிருந்து 6.12க்கு எப்படிக் கொண்டுபோவது?

நெய்தல்

வணக்கம். டேட்டா கேப்சர் கார்டு ஒன்றுக்கான பிசிஐ டிரைவர். மெயின்லைனில் (லினக்ஸின் அதிகாரப்பூர்வ கெர்னல் மூலத்தில்) இல்லாதது, லினக்ஸ் 2.6.32க்கு எழுதப்பட்டது. இப்போது 6.12இல் ஓட வேண்டும். உள்ளே நான்கு செமாஃபோர் (ஓர் எண்ணை வைத்து நுழைவைக் கட்டுப்படுத்துவது: டவுன் ஒன்றைக் குறைக்கும், 0 என்றால் காத்திருக்கும்; அப் ஒன்றைக் கூட்டும்) இருக்கின்றன.

கான்ஃபிக்_செம்: தொடக்க எண் 1. ரீட், ஐஆக்டில், எம்மேப் மூன்றும் இதை எடுக்கின்றன.
ரெக்_செம்: தொடக்க எண் 1. ரெஜிஸ்டரைப் படித்து, பிட் மாற்றி, திரும்ப எழுதும் இடங்களுக்கு. ஒரு டைமர் கால்பேக்கும் டவுன்_ட்ரைலாக் (காத்திராமல் முயன்று பார்ப்பது) மூலம் இதை எடுக்கிறது.
டிஎம்ஏ_செம் (டிஎம்ஏ: கார்டே நேராக மெமரியில் எழுதுவது): தொடக்க எண் 0. ரீட் டவுன்_டைமவுட் போட்டுக் காத்திருக்கும், இன்டரப்ட் ஹேண்ட்லர் (கார்டு சைகை தரும்போது ஓடும் ஃபங்ஷன்) அப் போடும்.
ஸ்லாட்_செம்: தொடக்க எண் 8. கார்டில் 8 பஃபர் ஸ்லாட் உண்டு. அனுப்பும்போது டவுன், முடிந்ததும் இன்டரப்டில் அப்.

மொத்தம் டவுன் வகை 37 இடம், அப் 41 இடம். ஸ்லாட்_செம் தவிர மற்ற மூன்றையும் செட் (உரையில் சொற்களை மொத்தமாக மாற்றும் கருவி) கட்டளையால் ஒரே அடியாக மியூட்டெக்ஸ் (எடுத்தவரே விட வேண்டிய பூட்டு) ஆக்கினேன். கம்பைல் ஆகிறது. ஓடவிட்டால் முதல் இன்டரப்டிலேயே லாக்டெப் (பூட்டுப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கெர்னல் வசதி) 'பேட் அன்லாக் பேலன்ஸ்', அதாவது எடுக்காத பூட்டை விடுகிறீர்கள், என்கிறது. ரெஜிஸ்டர் மதிப்புகளும் அவ்வப்போது கெடுகின்றன. எல்லாவற்றையும் பழையபடி செமாஃபோராக விட்டு, மறைந்துபோன மேக்ரோ பெயர்களை மட்டும் மாற்றினால் போதுமா?

தறிநாடா

பெயரை மட்டும் மாற்றினால் கம்பைல் ஆகும். இனிட்_மியூட்டெக்ஸ், டிக்ளேர்_மியூட்டெக்ஸ் இரண்டும் 2.6.37இல் நீக்கப்பட்டன. முதலாவதற்குப் பதில் செமா_இனிட், எண் 1. இரண்டாவதற்குப் பதில் டிஃபைன்_செமாஃபோர். ஆனால் டிஃபைன்_செமாஃபோர் 6.4இலிருந்து தொடக்க எண்ணையும் கேட்கும், அதற்கு முன் பெயர் மட்டும்தான். இரு பக்கமும் ஓட வேண்டுமென்றால் டிரைவரின் ஸ்டிரக்டுக்குள் செமாஃபோரை வைத்து, ப்ரோபில் (டிரைவர் கார்டோடு இணையும்போது ஓடும் ஃபங்ஷன்) செமா_இனிட் போடுங்கள். எந்த வெர்ஷனிலும் அது ஒன்றுதான்.

ஆனால் உங்கள் நான்கில் மூன்று செமாஃபோராக இருக்க வேண்டியவையே அல்ல. அந்தக் காலத்தில் மியூட்டெக்ஸ் கைவசம் இல்லாததால் எல்லா வேலைக்கும் செமாஃபோரையே போட்டார்கள். மியூட்டெக்ஸ் 2.6.16இல்தான் வந்தது, 2006இல். பழக்கம் அதற்குப் பிறகும் பல வருடம் ஓடியது.

எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரு தாளில் ஒவ்வொரு செமாஃபோருக்கும் இதை எழுதுங்கள்: யார் எடுக்கிறார், யார் விடுகிறார், இருவரும் ஒரே டாஸ்க்கா, விடும் இடம் ப்ராசஸ் சூழலா, சாஃப்ட் இன்டரப்டா, ஹார்ட் இன்டரப்டா, கையில் வைத்திருக்கும்போது தூங்க நேருமா. செமாஃபோருக்கு உரிமையாளர் கிடையாது. டவுன் போடாதவர்கூட அப் போடலாம் என்பது அதன் விதி. அதனால் அறிவிப்பு வரியைப் பார்த்து அது பூட்டா, மணியா, டிக்கெட் கவுண்டரா என்று கண்டுபிடிக்க முடியாது. அப் எங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

நீங்கள் சொன்னதை வைத்தே:

கான்ஃபிக்_செம் எடுத்தவரே விடுகிறார், நடுவில் தூங்குகிறார். இது மியூட்டெக்ஸ்.
ரெக்_செம் டைமர் கால்பேக்கில் எடுக்கப்படுகிறது. மியூட்டெக்ஸை இன்டரப்ட் சூழலில் தொடவே கூடாது, மியூட்டெக்ஸ்_ட்ரைலாக் உட்பட. சில மைக்ரோசெகண்டு வேலைதான் என்றால் இது ஸ்பின்லாக், தூங்காமல் சுழன்றே காத்திருக்கும் பூட்டு.
டிஎம்ஏ_செம் பூட்டே அல்ல, 'வேலை முடிந்தது' என்ற சேதி. இது கம்ப்ளீஷன்.
ஸ்லாட்_செம் உண்மையிலேயே எண்ணுகிறது. இது செமாஃபோராகவே இருக்கட்டும்.

பனைமட்டை

ரெஜிஸ்டர் கெடுறதுக்குக் காரணம் செட்தாங்க. டவுன்_ட்ரைலாக் கிடைச்சா 0 தரும், கிடைக்கலைன்னா 1. மியூட்டெக்ஸ்_ட்ரைலாக், ஸ்பின்_ட்ரைலாக் ரெண்டும் நேர் எதிர்: கிடைச்சா 1, கிடைக்கலைன்னா 0. உங்க டைமர்ல அநேகமா இப்படி இருக்கும்: 'இஃப் டவுன்_ட்ரைலாக், டைமரைத் தள்ளிவச்சுட்டு ரிட்டர்ன்'. பேரை மட்டும் மாத்துனா, பூட்டு கிடைச்சப்போ அதைப் பிடிச்சபடியே ரிட்டர்ன் ஆகுது. கிடைக்காதப்போ பூட்டே இல்லாம உள்ள போய் எழுதுது, கடைசில இன்னொருத்தர் பூட்டைத் திறந்தும் விடுது.

ட்ரைலாக்கா இருக்கறதால லாக்டெப் இன்டரப்ட் சூழலைப் பத்தி எச்சரிக்கை தராது. அதை நம்பி இருக்காதீங்க. 37 இடத்துல எத்தனை ட்ரைலாக்னு கிட் கிரெப் போட்டு எண்ணி, ஒவ்வொண்ணையும் கையால மாத்துங்க.

அதே மாதிரி டைமவுட். டவுன்_டைமவுட் வெற்றின்னா 0, நேரம் போச்சுன்னா -ஈடைம் (ஈடைம்ட்அவுட் இல்ல, ரெண்டும் வேற எண்). வெயிட்_ஃபார்_கம்ப்ளீஷன்_டைமவுட் தலைகீழ்: நேரம் போச்சுன்னா 0, வெற்றின்னா மீதி ஜிஃபி (கெர்னலோட நேரத் துடிப்பு). யூசர் பக்கம் -ஈடைம் எதிர்பார்க்குற அப்ளிகேஷன் இருந்தா, 0 வந்ததும் நீங்களே -ஈடைம் ஆக்கித் திருப்பி அனுப்புங்க.

கார்முகில்

ஒரு மாற்றுக் கருத்து. 15 வருடம் ஓடிய குறியீடு. பெயரை மாற்றி விட்டுவிட்டால் நடத்தை மாறாது. மியூட்டெக்ஸ் ஆக்குவதால் பயனருக்குக் கிடைப்பது என்ன? கெர்னலுக்குள்ளேயே இன்னும் செமாஃபோர்கள் இருக்கின்றனவே: பிரின்ட்கேயின் கன்சோல்_செம், எக்ஸ்எஃப்எஸ் பஃபரின் பூட்டு.

தறிநாடா

அந்த இரண்டுமே காரணத்தோடு இருப்பவை. எக்ஸ்எஃப்எஸ் பஃபரைப் பூட்டி அசிங்க்காக எழுத அனுப்பினால், எழுதி முடித்த வேறொரு சூழல்தான் பூட்டைத் திறக்கும். உரிமையாளர் மாறுவதால் மியூட்டெக்ஸ் அங்கே பொருந்தாது. கன்சோல்_செம்மை எந்தச் சூழலிலிருந்தும் ட்ரைலாக் செய்ய வேண்டும். அதற்குக்கூட லாக்டெப் பார்க்கட்டும் என்று தனியாக ஒரு லாக்டெப் மேப்பைக் கையால் கட்டி வைத்திருக்கிறார்கள்.

'15 வருடம் ஓடியது' என்பது சரியாக ஓடியதற்குச் சான்று அல்ல. அப் 41, டவுன் 37 என்கிறார். எரர் பாதைகள் பிரிவதால் அப் கூடுதலாக இருப்பது இயல்புதான், ஆனால் அந்த 41ஐயும் படித்தாக வேண்டும். இதைப் பாருங்கள். டவுன்_இன்டரப்டிபிள் அழைப்பு. பயனர் கன்ட்ரோல்-சி அடிக்கிறார். -ஈஇன்டர் வருகிறது, பூட்டு கிடைக்கவில்லை. குறியீடு 'கோட்டு அவுட்' என்று தாவுகிறது. அவுட் லேபிளில் முதல் வரியே அப். முன்னால் வைத்திருந்தவரும் தன் பங்குக்கு அப் போட்டு வெளியேறியதும் எண் 2 ஆகிறது. அதன்பின் எப்போதும் இரண்டு திரெட் ஒரே நேரத்தில் உள்ளே போகலாம். ஒரு எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் செமாஃபோரைப் பொறுத்தவரை 2 என்பது தவறான எண்ணே அல்ல. அடுத்த ரீபூட் வரை பூட்டு இல்லாமலே ஓடும். மியூட்டெக்ஸாக இருந்திருந்தால், சிஐ ரன்னில் (தானியங்கிச் சோதனையில்) டீபக்_மியூட்டெக்ஸஸ், ப்ரூவ்_லாக்கிங் என்ற பிழை தேடும் கெர்னல் அமைப்புகள் இரண்டும் இயங்கினால், முதல் கன்ட்ரோல்-சியிலேயே பிடிபட்டிருக்கும்.

இன்னொன்று ரியல்டைம். ப்ரீஎம்ப்ட்_ஆர்டி 6.12இல் மெயின்லைனுக்கு வந்துவிட்டது. அங்கே மியூட்டெக்ஸ் என்பது ஆர்டி-மியூட்டெக்ஸ், முன்னுரிமையை வாரிசாகக் கொடுக்கும், அதாவது காத்திருப்பவரின் முன்னுரிமையைப் பூட்டை வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாக ஏற்றும். செமாஃபோருக்கு உரிமையாளரே இல்லாதபோது யாருக்கு முன்னுரிமையை ஏற்றுவது? குறைந்த முன்னுரிமை டாஸ்க் பூட்டை வைத்துக்கொண்டு ஓரமாய் நிற்க, உயர்ந்தது காத்துக் கிடக்கும். கேப்சர் கார்டை அப்படிப்பட்ட கெர்னலில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

வெண்கலப்பூட்டு

செயல்திறன் பக்கமும் சொல்லிவிடுகிறேன். செமாஃபோர் உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இது புரியும்.

ஸ்டிரக்ட் மிகச் சிறியது: ஒரு ரா ஸ்பின்லாக், ஓர் எண், காத்திருப்போர் பட்டியல். டவுன் போட்டால் எண் 0க்கு மேல் இருந்தால் ஒன்றைக் குறைத்துவிட்டுப் போகலாம். இல்லையென்றால் தன் ஸ்டாக்கிலேயே ஒரு வெயிட்டர் ஸ்டிரக்டை வைத்து, பட்டியலின் வாலில் சேர்ந்து தூங்க வேண்டும். அப் போடும்போது பட்டியல் காலியாக இருந்தால்தான் எண் கூடும். யாராவது இருந்தால் எண்ணைத் தொடாமல், பட்டியலின் தலையில் இருப்பவரின் வெயிட்டரில் 'அப்' கொடியை ஏற்றி எழுப்பிவிடும். அதாவது டிக்கெட் நேராகக் கையில் கொடுக்கப்படுகிறது. வரிசை நியாயமானது, ஆனால் விலை உண்டு. கையில் கொடுக்கப்பட்டவர் தூக்கத்திலிருந்து எழுந்து சிபியு கிடைக்கும்வரை பூட்டு 'பிடிபட்டதாகவே' நிற்கும். அப் போட்டவர் சுற்றி வந்து மறுபடி கேட்டால், எண் 0, அவரும் தூங்கப் போவார். போட்டி அதிகமானால் ஒவ்வொரு எடுப்புக்கும் ஒரு கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2.6.25 வரை ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும் தனித்தனி அசெம்பிளி செமாஃபோர் இருந்தது. 2008இல் மேத்யூ வில்காக்ஸ் அதையெல்லாம் நீக்கி, எல்லாருக்கும் பொதுவான ஒரே சி கோப்பாக எழுதினார். பராமரிப்புக்கு அருமையான மாற்றம். ஆனால் அன்று பிக் கெர்னல் லாக் (கெர்னலின் பல பகுதிகளுக்கும் பொதுவான பழைய பூட்டு) செமாஃபோர் மேல் கட்டப்பட்டிருந்தது. 2.6.26-ஆர்சி1இல் ஏஐஎம்7 பெஞ்ச்மார்க் சுமார் 40 சதவீதம் விழுந்தது. பழைய செமாஃபோரில் எழுப்பப்பட்டவரும் புதிதாய் வந்தவரும் போட்டி போடலாம், புதியதில் கைமாற்றம்தான். கடைசியில் பிக் கெர்னல் லாக்கையே ஸ்பின்லாக்காகத் திருப்பினார்கள். ரீஃபேக்டர் செய்கிறவர்கள் ஏபிஐ ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கக் கூடாது, யாருக்கு அடுத்தது கிடைக்கும் என்ற வரிசையும் நடத்தையின் பகுதிதான்.

மியூட்டெக்ஸில் உரிமையாளர் வேறு சிபியுவில் ஓடிக்கொண்டிருந்தால், காத்திருப்பவர் தூங்காமல் கொஞ்சம் சுழன்று பார்ப்பார். கான்ஃபிக்_செம் மாதிரிச் சிறிய பூட்டுகளுக்கு இது பெரும்பாலும் லாபம்.

கார்முகில்

சரி, ஏற்கிறேன். கன்ட்ரோல்-சி உதாரணம் போதும். அப்படியானால் ஒரே பேட்சில் செய்யாமல் எப்படிப் பிரிப்பது?

தறிநாடா

ஒரு செமாஃபோருக்கு ஒரு பேட்ச் தொடர். கெர்னலே காட்டிய வழி இருக்கிறது. ஐநோடின் (ஒரு கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் அமைப்பு) ஐ_மியூட்டெக்ஸை ரீட்-ரைட் செமாஃபோராக மாற்ற வேண்டியிருந்தது. 4.5இல் முதலில் ஐநோட்_லாக், ஐநோட்_அன்லாக் என்று உறைகள் வந்தன, உள்ளே அதே மியூட்டெக்ஸ். எல்லா இடமும் உறைக்குப் போன பிறகு, 4.7இல் உள்ளே இருந்த வகை மாறியது. எம்மேப்_செம் (ஒரு ப்ராசஸின் மெமரி வரைபடத்தைக் காக்கும் பூட்டு) 5.8இல் எம்மேப்_லாக் ஆனதும் இதே முறைதான்: உறை, காக்சினெல் (சி குறியீட்டை விதிப்படி மாற்றும் கருவி) ஸ்கிரிப்டால் மொத்த மாற்றம், ஸ்கிரிப்டுக்கு எட்டாதவை கையால், கடைசியில் ஃபீல்டின் பெயர் மாற்றம்.

கடைசிப் படியைத் தவிர்க்காதீர்கள். பெயர் மாறினால், விடுபட்ட ஓர் இடம் இருந்தாலும் கம்பைலர் நிற்கும். முக்கியமாக, உங்கள் கண்ணில் படாத ஓர் இஃப்டெஃபுக்குள் இருப்பது.

உங்களுக்கு வரிசை இப்படி வைக்கலாம். முதல் பேட்ச், எரர் பாதைத் திருத்தங்கள் மட்டும், வகை மாற்றம் எதுவும் இல்லாமல். 41 அப்களையும் படிக்கும் வேலை இங்கேதான். பழைய கெர்னலில் ஓடும் கிளைக்கும் இதை அனுப்பலாம் என்பதால் தனியாக இருப்பது நல்லது. பிறகு டிஎம்ஏ_செம், அதன்பின் ரெக்_செம், கடைசியில் கான்ஃபிக்_செம். கான்ஃபிக்கை மியூட்டெக்ஸ் ஆக்கிய நாளில்தான் லாக்டெப் பேசத் தொடங்கும். அதற்குள் மற்றவை ஒழுங்காகியிருக்க வேண்டும்.

பனைமட்டை

டிஎம்ஏ_செம்மை கம்ப்ளீஷன் ஆக்கும்போது ரெண்டு குழி இருக்கு.

ஒண்ணு, ரீஇனிட்_கம்ப்ளீஷன் எங்க போடறீங்கன்னு. டிஎம்ஏ ஸ்டார்ட் பிட்டை எழுதுறதுக்கு முன்னாடி போடணும். ஸ்டார்ட் பண்ணிட்டுப் போட்டா, வேகமா முடிஞ்ச டிஎம்ஏவோட இன்டரப்ட் நடுவுல வந்துடும். அதோட கம்ப்ளீட்டை நீங்களே அழிச்சிடுவீங்க, அப்புறம் முழு டைமவுட் வரை காத்திருப்பு. லோடு இல்லாதப்போதான் இது அதிகமா வரும், அதனால பிடிக்கறது கஷ்டம்.

ரெண்டு, டைமவுட்டுக்கு அப்புறம் வர்ற இன்டரப்ட். 500 மில்லிசெகண்டு டைமவுட்னு வச்சுக்குங்க. 501ல இன்டரப்ட் வந்து கம்ப்ளீட் போடுது. கம்ப்ளீஷனோட எண் 1ஆ தேங்கி நிக்கும். அடுத்த ரீட் காத்திருக்காம உடனே திரும்பி, பாதி நிரம்பின பஃபரை யூசருக்குக் குடுத்துடும். செமாஃபோர்லயும் இதே பிழை இருந்திருக்கும். டைமவுட் பாதைல முதல்ல ஹார்ட்வேரை நிறுத்துங்க, அப்புறம் சிங்க்ரனைஸ்_ஐஆர்க்யூ, அதுக்கப்புறம்தான் ரீஇனிட். வரிசை மாறினா ஓட்டை திறந்தே இருக்கும்.

கம்ப்ளீஷனை ஃபங்ஷனோட ஸ்டாக்ல வைக்காதீங்க. டைமவுட் ஆகி ஃபங்ஷன் திரும்பிட்டா, தாமதமா வர்ற இன்டரப்ட் வேற யாரோட ஸ்டாக்லயோ எழுதும். டிவைஸ் ஸ்டிரக்டுக்குள்ளயே வைங்க.

நெய்தல்

முதல் மூன்று தொடரும் முடிந்தன. எரர் பாதையில் அதே மாதிரி 'கோட்டு அவுட்' இரண்டு இடத்தில் இருந்தது, ஒன்று ரீடில், ஒன்று ஐஆக்டிலில். ரெக்_செம் ஸ்பின்லாக் ஆனது. டைமரும் ப்ராசஸும் மட்டும் தொடுவதால் ஸ்பின்_லாக்_பிஎச் (சாஃப்ட் இன்டரப்டை நிறுத்திப் பூட்டுவது) போட்டேன். கான்ஃபிக்கை மியூட்டெக்ஸ் ஆக்கியதும் லாக்டெப் 'பாசிபிள் சர்க்குலர் லாக்கிங் டிபெண்டன்சி' என்கிறது. ஒரு பக்கம் என் மியூட்டெக்ஸ், மறுபக்கம் எம்மேப்_லாக். ஆனால் என் டிரைவர் எம்மேப்_லாக்கை எங்கேயும் எடுக்கவில்லையே?

வெண்கலப்பூட்டு

எடுக்கிறது, இரண்டு வழியாக. ரீடில் மியூட்டெக்ஸைப் பிடித்தபடி காப்பி_டு_யூசர் அழைக்கிறீர்கள். யூசர் பக்கம் மெமரியில் இல்லையென்றால் பேஜ் ஃபால்ட், அது எம்மேப்_லாக்கைக் கேட்கும். வரிசை: மியூட்டெக்ஸ், பிறகு எம்மேப்_லாக். உங்கள் எம்மேப் ஹேண்ட்லரையோ கெர்னல் எம்மேப்_லாக்கை எழுத்துக்குப் பிடித்தபடியேதான் கூப்பிடுகிறது. உள்ளே நீங்கள் மியூட்டெக்ஸைக் கேட்கிறீர்கள். வரிசை: எம்மேப்_லாக், பிறகு மியூட்டெக்ஸ். ஒரு ப்ராசஸின் இரண்டு திரெட், ஒன்று ரீடில், ஒன்று எம்மேப்பில், சரியான நொடியில் பேஜ் ஃபால்ட் வந்தால் இரண்டும் டி நிலையில் (சாதாரண சிக்னலால் எழுப்ப முடியாத தூக்கத்தில்) உறையும்.

இது செமாஃபோர் காலத்திலும் இருந்த முட்டுக்கட்டைதான். செமாஃபோரை லாக்டெப் தொடர்வதில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. ப்ரூவ்_லாக்கிங் இயங்கினால், உண்மையில் ஃபால்ட் வராவிட்டாலும் காப்பி_டு_யூசர் எம்மேப்_லாக்கைத் தொடக்கூடும் என்று லாக்டெப் பதிந்துகொள்ளும். இரண்டு பாதையும் ஒரு முறை ஓடினாலே சேதி வந்துவிடும், உறைய வேண்டியதில்லை.

தீர்வு: ரீடில் தேவையானதை ஒரு தற்காலிக பஃபருக்கு எடுத்து, மியூட்டெக்ஸை விட்டுவிட்டு, பிறகு காப்பி_டு_யூசர். பஃபர் பெரிது, இருமுறை காப்பி செய்வது கட்டுப்படியாகாது என்றால், எம்மேப் பாதை உண்மையில் எதைப் பாதுகாக்கிறது என்று பாருங்கள். பஃபரின் முகவரியும் அளவும் மட்டும்தான் என்றால் அதற்கென்று தனிச் சிறு மியூட்டெக்ஸ் போதும். அதைப் பிடித்துக்கொண்டு யூசர் மெமரியைத் தொடாமல் இருந்தால் சரி.

தறிநாடா

சோதிக்கும் கெர்னலில் இவை இயங்கட்டும்: ப்ரூவ்_லாக்கிங், டீபக்_மியூட்டெக்ஸஸ், டீபக்_அட்டாமிக்_ஸ்லீப், டிடெக்ட்_ஹங்_டாஸ்க். கடைசியதன் இயல்பு நேரம் 120 விநாடி, சோதனைக்கு 20 ஆக்குங்கள். ரெக்_செம் ஸ்பின்லாக் ஆனதால் டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் முக்கியம்: பூட்டுக்குள் ஒரு எம்ஸ்லீப்போ, ஜிஎஃப்பி_கெர்னல் கொடுத்த கேமல்லாக்கோ எங்கோ ஒளிந்திருந்தால் அதுதான் சொல்லும்.

லாக்டெப் தான் பார்த்த பாதைகளைப் பற்றி மட்டுமே பேசும். ஒவ்வொரு ஐஆக்டிலையும் ஒரு முறையாவது ஓட்டுங்கள். ரீட் ஓடும்போது இன்னொரு ஷெல்லிலிருந்து சில நூறு முறை சிக்இன்ட் (கன்ட்ரோல்-சி அனுப்பும் சிக்னல்) அனுப்புங்கள். ஏதாவது உறைந்தால் சிஸ்ஆர்க்யூ-டபிள்யூ டி நிலையில் நிற்பவர்களின் ஸ்டாக்கைக் காட்டும், சிஸ்ஆர்க்யூ-டி யார் கையில் எந்தப் பூட்டு என்று காட்டும். லாக்டெப் ஒரு எச்சரிக்கை கொடுத்ததும் தன்னை நிறுத்திக்கொள்ளும். அதனால் ஒன்றைத் திருத்தியதும் ரீபூட் செய்து மறுபடி ஓட்டுங்கள், அடுத்தது அப்போதுதான் வெளியே வரும்.

நெய்தல்

தனி மியூட்டெக்ஸ் போட்டதும் லாக்டெப் அடங்கியது. கடைசிக் கேள்வி, ஸ்லாட்_செம். மாட்யூலைக் கழற்றும்போது 8 ஸ்லாட்டும் திரும்பிவிட்டதா என்று இப்போது எண்ணை நேராகப் படித்துப் பார்க்கிறது. இது சரியா?

பனைமட்டை

எண்ணைப் படிக்காதீங்க. படிச்ச நொடிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல அது மாறலாம். முதல்ல புது ரிக்வெஸ்ட் வராம கொடியைப் போட்டு வாசலை மூடுங்க. அப்புறம் டவுன்_டைமவுட்டை 8 தடவை போட்டு எல்லா டிக்கெட்டையும் நீங்களே எடுத்துக்குங்க. எட்டும் கிடைச்சா கார்டு கையில எதுவும் இல்லைன்னு உறுதி. நடுவுல -ஈடைம் வந்தா கார்டு செத்துப்போச்சு, ரீசெட் பண்ணி டிஎம்ஏவை நிறுத்திட்டுப் போங்க. ரீசெட் பாதையும் கழற்றும் பாதையும் ரெண்டுமே இப்படி வடிகட்டும்னா, ஒரே நேரத்துல ஓடி ஆளுக்கு நாலு எடுத்துட்டு நிக்கும். வடிகட்டலைச் சுத்தி ஒரு மியூட்டெக்ஸ் போட்டுடுங்க.

தறிநாடா

அதோடு ஒரு வரிசை. எட்டாவது டவுன் திரும்பிவிட்டதால் கடைசி அப் முழுதாக முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்டரப்ட் ஹேண்ட்லர் இன்னும் அந்த ஃபங்ஷனின் வால் பகுதியில், டிவைஸ் ஸ்டிரக்டைத் தொட்டுக்கொண்டு இருக்கலாம். எனவே வடிகட்டல், அடுத்து ஃப்ரீ_ஐஆர்க்யூ, அது ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருக்கும், அடுத்து டைமர் நிறுத்தம், கடைசியில்தான் கேஃப்ரீ. ஃப்ரீ_ஐஆர்க்யூவை வடிகட்டலுக்கு முன் போட்டால் அப் போட ஆளிருக்காது, எட்டு டைமவுட்டும் முழுதாக ஓடும்.